கிடைத்த நேரத்தில் ஒரு கான்டெஸ்ட்

2019இல் தீபாவளி அக்டோபர் 27, ஞாயிற்றுக்கிழமை வந்தது. அமெச்சூர் வானொலி உலகின் மிகப் பெரிய போட்டிகளில் ஒன்றான 'சிக்யூ வேர்ல்டு வைடு' கான்டெஸ்ட்டின் குரல் பிரிவும் அதே சனி, ஞாயிறில்தான் நடந்தது. ஆண்டுதோறும் அக்டோபரின் கடைசி முழு வார இறுதி குரலுக்கு, நவம்பரின் கடைசி முழு வார இறுதி மோர்ஸ் தந்திக்கு. இரண்டும் நமக்கு வடகிழக்குப் பருவமழைக் காலம். நம் கடிகாரப்படி சனி அதிகாலை 5.30க்குத் தொடங்கி திங்கள் அதிகாலை 5.30க்கு முடியும் 48 மணி நேரம் அது. திருச்சி எடமலைப்பட்டி புதூரில் குடும்பத்தோடு வாழும் ஒரு ஹாம் (அமெச்சூர் வானொலியாளர்), பண்டிகையையும் இடிமின்னலையும் மின்வெட்டையும் தாண்டி அத்தனை நேரமும் ரிக் எனும் வானொலிக் கருவி முன்னால் உட்கார்வது நடக்காத காரியம். அவருக்குக் கிடைப்பது பிற்பகலில் இரண்டு மணி நேரம், இரவில் ஒரு மணி நேரம்.

அப்படி வந்து போவதற்கு மதிப்பு உண்டா? உண்டு என்பதே என் கருத்து. ஆனால் அதைச் செய்யும் விதத்தில் நாம் காட்டும் அலட்சியம் அந்த மதிப்பைக் குலைக்கிறது.

முதலில் அதன் பலம். இந்தப் போட்டிக்காக உலகம் 40 மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. இந்தியாவும் இலங்கை, நேபாளம், பூட்டான், வங்கதேசம், மாலத்தீவும் 22ஆம் மண்டலம். ஒவ்வொரு அலைவரிசையிலும் புதிதாகக் கிடைக்கும் ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு மண்டலமும் ஒரு பெருக்கல் எண். தொடர்புகளுக்கான புள்ளிகளை இந்தப் பெருக்கல் எண்களின் கூட்டுத்தொகையால் பெருக்கினால் வருவதே மதிப்பெண். ஜெர்மனியில் உட்கார்ந்திருப்பவருக்கு திருச்சியிலிருந்து எழும் ஒரு குரல் நாடு, மண்டலம் என இரண்டு பெருக்கல் எண்களை ஒரே நேரத்தில் தரக்கூடும். மாடியில் சாதாரண டைபோல் ஆன்டெனா கட்டியவரையும் பெரிய நிலையங்கள் காதைத் தீட்டிக்கொண்டு தேடுகின்றன. கட்டுப்படுத்தப்பட்ட நிலை உரிமம் வைத்திருப்பவருக்கு அனுமதி 50 வாட்தான். சாதாரண நாளில் அந்த 50 வாட்டில் எத்தனை முறை கூப்பிட்டும் பதில் வராமல் சோர்ந்துபோன இளைஞர், கான்டெஸ்ட் பிற்பகலில் ஒரு மணி நேரத்திலேயே பல ஐரோப்பிய நாடுகளை எட்டிவிடலாம். இந்த உற்சாகத்தை வேறெதுவும் தருவதில்லை.

வானத்தைப் படிக்கவும் இதைவிட நல்ல வகுப்பு கிடையாது. காலையில் 28 மெகாஹெர்ட்ஸில் ஜப்பான் நிரம்பி வழியும், பிற்பகலுக்கு மேல் ஐரோப்பா ஏறி வரும். அமெரிக்கா மட்டும் நமக்குக் கடினம். வடதுருவப் பகுதியைத் தொட்டுச் செல்லும் பாதை அது, அங்கே அலைகள் தேய்ந்துவிடும். இவ்வளவுக்கும் காரணமான சூரியனை நம் ஊருக்குப் பக்கத்திலேயே கவனித்து வருகிறார்கள். 1899இல் தொடங்கிய கொடைக்கானல் ஆய்வகத்தில் 1904 முதல் சூரியனைப் படமெடுத்து வைத்த வரிசை இருக்கிறது. சூரியப் புள்ளிகள் சுமார் 11 ஆண்டுக்கு ஒருமுறை பெருகித் தணியும். 2019 டிசம்பரில் தொடங்கிய 25ஆம் சுழற்சி 2024இல் உச்சக் கட்டத்துக்கு வந்தது. அப்போது 28 மெகாஹெர்ட்ஸுக்கு ஐந்து மீட்டர் கம்பியே போதுமானதாக இருந்தது. அதே கம்பி சுழற்சியின் அடிமட்டத்தில் வாயடைத்து நிற்கும். இதைப் புத்தகத்தில் படிப்பது வேறு, ஒரே பிற்பகலில் காதால் கேட்டு அறிவது வேறு.

இனி குறைகள். முதல் குறை விதியிலேயே இருக்கிறது. வேறு கண்டத்தோடு பேசினால் 3 புள்ளி, அதே கண்டத்தின் வேறு நாட்டுக்கு 1, சொந்த நாட்டுக்குச் சுழியம். எடமலைப்பட்டி புதூர்க்காரர் ராஜ்கோட்டையோ சென்னையையோ பிடித்தால் பெருக்கல் எண் கிடைக்கலாம், புள்ளி கிடையாது. இந்திய நிலையங்கள் ஒன்றையொன்று கேட்டும் கேளாததுபோல் கடந்து போவதற்கு இதுவும் ஒரு காரணம். மார்ச் கடைசி வார இறுதியில் நடக்கும் 'டபிள்யூபிஎக்ஸ்' கான்டெஸ்ட்டில் சொந்த நாட்டுத் தொடர்புக்கும் ஒரு புள்ளி உண்டு. ஆகவே நம் ஊர்ப் புதியவருக்கு முதல் கான்டெஸ்ட்டாக நான் அதையே பரிந்துரைப்பேன்.

இரண்டாவது, எல்லோருக்கும் 'ஃபைவ் நைன்', அதாவது முழுத் தெளிவு, முழு வலு என்றே சிக்னல் அறிக்கை சொல்லும் பழக்கம். இரைச்சலுக்குள் முனகும் நிலையத்துக்கும் அதே அறிக்கைதான். நூறு தொடர்பில் நூறு முறையும் ஒரே எண்ணைச் சொல்லப் பழகிய புதியவர், திங்கட்கிழமை ஒருவர் "என் ஆன்டெனா எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் உண்மையான அறிக்கை தரத் தடுமாறுகிறார். யார் எங்கே ஒலிக்கிறார் என்று கணினியில் ஓடும் கிளஸ்டர் பட்டியலும் இதே சோம்பலை வளர்க்கிறது. திரையில் யாரோ பதிந்த அழைப்புக்குறியைத் தன் காதால் உறுதி செய்யாமல் லாகில், அதாவது தொடர்புப் பதிவேட்டில், ஏற்றிவிடுகிறார்கள்.

ஆனால் என்னை அதிகம் வருத்துவது லாக் விஷயம். போட்டி முடிந்து ஐந்து நாளுக்குள் லாக் அனுப்ப வேண்டும். வந்தவை அனைத்தையும் கணினி ஒன்றோடொன்று ஒப்பிடும். நாம் அனுப்பாமலே இருந்தால் மறுமுனைக்காரருக்குப் பெரும்பாலும் இழப்பில்லை. பாதி லாக் அனுப்பினால்தான் விபரீதம். அவருடைய பட்டியலில் நாம் இருப்போம், நம்முடையதில் அவர் இருக்க மாட்டார். அந்தத் தொடர்பு நீக்கப்படுவதோடு அவருக்குக் கூடுதல் தண்டனைப் புள்ளியும் விழும். நம் அழைப்புக்குறியை அவர் தவறாகத் திருப்பிச் சொல்லும்போது, அவசரத்தில் திருத்தாமல் விட்டாலும் இதே கதிதான். நம் அழைப்புக்குறியின் 'வியூ3'ஐ அவர் 'வியூ2' என்று எழுதிக்கொண்டது நமக்குத் தெரிந்தும் அடுத்த அலைவரிசைக்குத் தாவினால், அவர் உழைப்பில் கை வைக்கிறோம். நமக்கு இது பொழுதுபோக்கு என்பதால் எதிரில் இருப்பவருக்கும் அப்படியே என்று எடுத்துக்கொள்ள நமக்கு உரிமை இல்லை.

பேரிடர்ப் பணிக்கு கான்டெஸ்ட் பயிற்சி தருகிறது என்ற வாதத்தையும் எடைபோட வேண்டும். 2004 டிசம்பரில் ஹைதராபாத்தின் தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் தலைமையில் ஒரு குழு, உலக ஹாம்களுக்கு அந்தமான் தொடர்பு தருவதற்காக போர்ட் பிளேரில் நிலையம் அமைத்திருந்தது. 26ஆம் தேதி சுனாமி அடித்தபோது அதே ரிக்கும் அதே மனிதர்களும் தீவின் செய்திகளை வெளியே கொண்டுசேர்த்தார்கள். நெரிசலில் மெலிந்த குரலைப் பிரித்தெடுக்கும் காது போட்டியில் வளர்வதுதான், மறுக்கவில்லை. ஆனால் பேரிடரில் வருவது நீண்ட செய்தி: பெயர், இடம், எண்ணிக்கை. அதை எழுத்துப் பிசகாமல் பெரும்பாலும் நம் நாட்டுக்குள்ளேயே சேர்க்க வேண்டும். ஃபைவ் நைன், டூ டூ என்று அறிக்கையும் மண்டல எண்ணும் மட்டும் சொல்லி மூன்று நொடியில் முடியும் பரிமாற்றம் அதற்குப் பாதிப் பயிற்சியே. மறுபாதி ஞாயிறு காலை 7 மெகாஹெர்ட்ஸில் ஹாம்கள் கூடும் நெட்டுகளில் கிடைக்கிறது. கான்டெஸ்ட் வார இறுதிகளில் அவையும் நெரிசலில் நசுங்குகின்றன. 10, 18, 24 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில் கான்டெஸ்ட் நடத்துவதில்லை என்ற உலக வழக்கம் இருப்பதால் ஒதுங்க இடமாவது இருக்கிறது.

எல்லாவற்றையும் கணக்கில் எடுத்தாலும் என் தராசு பங்கேற்பின் பக்கமே சாய்கிறது. இந்த அக்டோபரில் இடி இல்லாத ஒரு பிற்பகலில் ரிக்கைப் போடுங்கள். கூப்பிடும் முன் கேளுங்கள், உங்கள் அழைப்புக்குறியை அவர் சரியாகச் சொல்லும்வரை விடாதீர்கள். பிடித்தது பத்தே தொடர்பானாலும் பத்தையும் எழுதி அனுப்புங்கள். மதிப்பெண் வேண்டாம் என்றால் 'செக்லாக்' என்று குறித்து அனுப்ப வழி உண்டு.