அவிழ்த்துவிட ஒரு கண்மாய்

ஹைதராபாத் கொண்டாப்பூரில் 2018இல் நாய்களுக்கென்றே மாநகராட்சி ஒரு பூங்கா திறந்தது. மகாராஜபுரம் கிராமத்துப் பக்கம் அந்த வேலையைக் கோடையில் வற்றிய கண்மாய் பார்த்துக்கொள்கிறது. டிக்கெட் கிடையாது. ஒரு பக்கம் உயர்ந்த கரை, மற்றபடி வெட்டவெளி.

ராஜபாளையம் நாய் 2005இல் தபால்தலையில் ஏறிய இனம். பால்வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு. தபால்தலையில் அது சும்மா நிற்கும், அழகெல்லாம் ஓட்டத்தில்தான். சங்கிலியைக் கழற்றியதும் முதல் சில அடி சாதாரணம். பிறகு முதுகு வில்லாக வளையும், பின்னங்கால்கள் முன்னங்கால்களைத் தாண்டி விழும், ஒரு கணம் நாலு காலும் தரையில் இராது. வெடித்த வண்டலில் புழுதி மட்டும் எழும்.

இடம் பார்த்துத்தான் அவிழ்க்க வேண்டும். சீமைக்கருவேல முள் கிடக்கும் மூலை ஆகாது. ஆட்டுக்கிடை போட்டிருந்தால் அன்றைக்கு ஓட்டமே வேண்டாம். காட்டுப்பன்றி வேட்டைக்கு வளர்த்த ரத்தம். மேற்கே மலையடிவாரம் கூடவே கூடாது, 2021 முதல் அது புலிகள் காப்பகம். வெயில் ஏறினால் அந்த மூக்கு வெந்துவிடும். இந்த இனத்தில் சில குட்டிகள் காது கேளாமலே பிறக்கும். விசில் உதவாது, கையசைத்துப் பழக்க வேண்டும்.

ஐப்பசி கார்த்திகையில் கண்மாய் பெருகினால் ஊருக்கே கொண்டாட்டம், நாய் வளர்ப்பவர்களைத் தவிர. மாந்தோப்புக்காரரைத் தேடிப்போய், “அண்ணாச்சி, ஒரு அரைமணி நேரம்” என்று கேட்க வேண்டியதுதான்.