எப்படித் தெரிந்தது என்று சொல்லும் புத்தகங்கள்

இயற்கை பற்றியோ அறிவியல் பற்றியோ ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்தால் நான் பார்ப்பது ஒன்றைத்தான். ஆசிரியர் ‘இது இப்படி’ என்று அறிவித்துவிட்டு நகர்ந்துவிடுகிறாரா, அல்லது யார், எங்கே, என்ன பாடுபட்டு அதைக் கண்டுபிடித்தார்கள் என்றும் சொல்கிறாரா? முதல் வகை விநாடி வினாவுக்கு உதவும். அந்த வகைப் புத்தகங்களில் பக்கத்துக்குப் பக்கம் ஆச்சரியக்குறி, பத்தாம் பக்கத்தில் கொட்டாவி. அண்மையில் ஆங்கிலத்தில் வந்தவற்றில் இரண்டாவது வகையைச் சேர்ந்த மூன்றைச் சொல்கிறேன். அறிவியல் பாடத்தைப் பள்ளியோடு விட்டவர்களும் தயங்காமல் படிக்கலாம்.

முதலில் எட் யாங் எழுதிய ‘அன் இம்மென்ஸ் வேர்ல்ட்’ (2022). கொரோனா காலக் கட்டுரைகளுக்காகப் புலிட்சர் பரிசு பெற்றவர் யாங். இந்த நூலில் அவர் எடுத்துக்கொண்டது விலங்குகளின் புலன்கள். ஒவ்வொரு உயிரும் தன் புலன்களுக்கு எட்டிய உலகத்தில் மட்டுமே வாழ்கிறது என்று 1909இல் எழுதினார் யாக்கோப் ஃபான் உக்ஸ்குல் என்ற விலங்கியலாளர். உண்ணிதான் அவர் காட்டிய உதாரணம். பாலூட்டியின் தோலிலிருந்து வரும் பியூட்டிரிக் அமில வாடை, உடம்பின் சூடு, ரோமத்தின் உராய்வு. இவ்வளவுதான் அதன் உலகம். காடும் வானமும் நிலவும் அதன் கணக்கில் இல்லை. யாங் இந்த ஒரு கருத்தைப் பிடித்துக்கொண்டு நாயின் மூக்கிலிருந்து வௌவாலின் காதுவரை நடத்திச் செல்கிறார். ஸ்காலப் என்ற சிப்பியின் ஓட்டு விளிம்பில் வரிசையாகக் கண்கள் இருக்கின்றன. சில இனங்களில் இருநூறு வரைகூட. அத்தனை கண்களை வைத்துக்கொண்டு அந்தச் சிப்பி எதைப் பார்க்கிறது என்ற கேள்வியை அவர் அவசரமாக முடித்துவிடுவதில்லை. அதுதான் எனக்குப் பிடித்தது.

யானைப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். கேட்டி பெய்ன் திமிங்கலப் பாட்டை ஆராய்ந்தவர். 1984இல் அமெரிக்காவின் போர்ட்லாந்து விலங்குக்காட்சிச்சாலையில் ஆசிய யானைகளின் அருகே நின்றபோது, காதில் எதுவும் விழாமலே காற்றில் ஒரு அதிர்வை உணர்ந்தார். சிறுவயதில் தேவாலயத்தில் பாடியபோது, பெரிய ஆர்கனின் அடிச்சுரங்கள் உடம்பை அதிரவைத்தது அவருக்கு நினைவு வந்தது. யானைகளின் ஒலியைப் பதிவுசெய்து நாடாவை வேகமாக ஓட்டிக் கேட்டார். மனிதக் காதுக்கு எட்டாத தாழ்ந்த சுருதியில் யானைகள் பேசிக்கொண்டிருந்தன. ‘யானைகள் அகவொலியால் பேசுகின்றன’ என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம்தான். ஆனால் ஒரு பாடகியின் உடம்பு நினைவு ஆராய்ச்சிக்குத் திறவுகோலானது அந்த வரிக்குள் அடங்காது.

யாங்கின் நகைச்சுவை அடிக்குறிப்புகளில் ஒளிந்திருக்கிறது, தாண்டிப் போய்விடாதீர்கள். கடைசி அத்தியாயம் மட்டும் கனமானது. நாம் பரப்பிய வெளிச்சமும் இரைச்சலும் பிற உயிர்களின் புலன்களைக் கெடுப்பது பற்றியது. நியூயார்க்கில் செப்டம்பர் 11 நினைவாக ஏற்றும் ஒளித்தூண்களில் வலசைப் பறவைகள் சிக்கிச் சுழல்கின்றன. விளக்கைச் சிறிது நேரம் அணைத்தால் கலைந்து தம் வழியே போகின்றன. அணைத்தால் போதும் என்ற அளவுக்கு எளிதாகத் தீரும் சூழல் கேடு வேறென்ன இருக்கிறது?

மெர்லின் ஷெல்ட்ரேக்கின் ‘என்டாங்கில்ட் லைஃப்’ (2020) பூஞ்சைகளைப் பற்றியது. செட்டிநாட்டு மசாலாவில் போடும் கல்பாசி ஒரு லைக்கன். லைக்கன் என்பது தனி உயிரல்ல, பூஞ்சையும் பாசியும் சேர்ந்து நடத்தும் குடித்தனம் என்று ஷ்வெண்டனர் என்ற தாவரவியலாளர் 1869இல் சொன்னபோது அறிஞர்கள் கொதித்துப்போனார்கள். அப்படிச் சில வீடுகளில் ஈஸ்ட் ஒன்றும் குடியிருக்கிறது என்று 2016இல் தெரியவந்தது. இந்தக் கதையை ஷெல்ட்ரேக் சொல்லும் அழகுக்காகவே வாங்கலாம். மரங்கள் பூஞ்சை இழைகள் வழியே ஒன்றுக்கொன்று ‘பேசுகின்றன’ என்ற கதை பிரபலமான காலத்தில், அதை அப்படியே விழுங்காமல் கேள்வி கேட்கிறார் என்பது கூடுதல் மதிப்பு. நூல் அச்சாகி வந்ததும் அதன் பிரதியொன்றில் சிப்பிக்காளான் வளர்த்துச் சாப்பிட்டவர் இவர்.

மூன்றாவது, ராபர்ட் மக்ஃபார்லேனின் ‘இஸ் எ ரிவர் அலைவ்?’ (2025). 2008ஆம் ஆண்டு அரசியல் சாசனத்திலேயே இயற்கைக்கு உரிமை எழுதிவைத்த ஈக்வடாரின் மேகக்காட்டில் தொடங்கி, கனடாவின் கியூபெக்கில் ஓடும் ஒரு பேராற்றில் முடிகிறது. நடுவில் சென்னை. கூவம், அடையாறு, கொசஸ்தலையாறு மூன்றையும் யுவன் ஏவ்ஸ் என்ற இளம் இயற்கையியலாளரோடு பார்க்கிறார். இரவில் கடற்கரையில் ஆமை முட்டை தேடி நடக்கிறார். மொழியில் சில இடங்களில் கவித்துவம் திகட்டுகிறது, அதை மறைப்பானேன். யுவன் எழுதிய ‘இன்டர்டைடல்’ (2023) திகட்டாது. சென்னையின் கடலோரத்தையும் சதுப்பு நிலத்தையும் நாட்குறிப்பாகச் சொல்லும் அதை, மக்ஃபார்லேனோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

ஆங்கிலம் வேண்டாம் என்பவர்களுக்கு, இயற்கையைப் பற்றித் தமிழில் எழுதிய மா. கிருஷ்ணன் இருக்கிறார். தியடோர் பாஸ்கரன் தொகுத்த ‘மழைக்காலமும் குயிலோசையும்’ கிடைத்தால் விடாதீர்கள்.

ஒன்றுக்குத்தான் பணமும் பொழுதும் உண்டு என்றால் யாங்கை வாங்குங்கள். கல்லூரிப் பிள்ளைக்குப் பரிசளிக்க ஷெல்ட்ரேக். படங்களோடு தனிப் பதிப்பும் வந்திருக்கிறது. சென்னைக்காரர்கள் மட்டும் மக்ஃபார்லேனின் நடுப்பகுதியை முதலில் படித்துவிட்டு மற்றதற்குப் போகலாம்.