சொரசொரப்பின் அழகு

அப்புத்தளைக்கு மேலே தேயிலை வணிகர் லிப்டன் கட்டிய தம்பேத்தன்ன ஸ்டோர், அதாவது தேயிலைத் தொழிற்சாலை, 1890ஆம் ஆண்டினது. ஊவாவில் இப்படி வயதான தேயிலை ஸ்டோர்கள் பல. அங்கே தேய்ந்த இரும்புக்கு வெல்டிங் போட்டு, மேட்டைக் கிரைண்டரால் மட்டமாக்கும் வேலையை எவ்வளவு நேரமும் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்த வேலையின் நுட்பமெல்லாம் கிரைண்டர் டிஸ்க்கின் எண்ணில் இருக்கிறது. எண் குறையக் குறைய டிஸ்க்கின் உராய்வு மணி பெரிது. 24 மேட்டைச் சீவித் தள்ளும். 60, 80 கீறலை ஆற்றும். கனத்த இரும்பில் எடுத்தவுடன் 80 வைத்தால் அது வெட்டாது, உரசும். சூடேறி இரும்பு நீலம் பாயும், டிஸ்க்கும் வீண். பொறுமையுள்ள கை 24இல் தொடங்கி, 40க்கு வந்து, 60இல் முடிக்கும். ஒவ்வொன்றும் முந்தையதன் கீறலை மட்டும் அழித்தால் போதும்.

சிர்கோனியா டிஸ்க் எனக்குத் தனிப் பிரியம். அழுத்தத்தில் அதன் மணிகள் நொறுங்கிப் புதுமுனை காட்டும். மழுங்கியதென்று நினைக்கும்போது மறுபடி வெட்டும். அதற்காக உடல்பாரத்தை ஏற்றக் கூடாது, கிரைண்டரின் எடையோடு கொஞ்சம் கை போதும்.

கொழுந்து படும் ஸ்டெயின்லஸ் தகட்டுக்கு மட்டும் தனி டிஸ்க். சாதா இரும்பைத் தொட்டதை அதில் வைத்தால், பதிந்த இரும்புத்தூள் பிறகு துருப்புள்ளியாய்ப் பூக்கும்.