பாவசங்கீர்த்தனமும் ஒப்புரவும்: ஒரு சொல்லாய்வு

கத்தோலிக்கத் திருச்சபையின் ஏழு அருட்சாதனங்களுள் ஒன்று தமிழில் மூன்று பெயர்களால் வழங்கியுள்ளது. இறையிரக்கம் பற்றிய புரிதல் மாறிய வகையை அப்பெயர்கள் காட்டுகின்றன.

1580இல் அண்டிரிக்கி அடிகளார் கொச்சியில் அச்சிட்ட நூல் ‘கொம்பெசியொனாயரு’. தமிழில் முதன்முதல் அச்சேறிய நூல்களுள் ஒன்று பாவ அறிக்கைக்கு வழிகாட்டும் நூலாக அமைந்தமை எண்ணத்தக்கது. முத்துக்குளித்துறைப் பரதவர்க்கு இவ்வருட்சாதனம் போர்த்துக்கேய ஒலியாகவே அறிமுகமாயிற்று. பின்னர் நிலைபெற்ற ‘பாவசங்கீர்த்தனம்’ பொருள் விளங்கும் சொல்லே. ஆயினும் அது பாவத்தையும் அதனை எடுத்துரைத்தலையும் மட்டுமே சுட்டும். மன்னிப்பவர் அச்சொல்லில் இல்லை.

இவ்வருட்சாதனத்தை அணுகுவோர் இறைவனின் இரக்கத்தால் மன்னிப்புப் பெறுவதோடு, தம் பாவத்தால் புண்படுத்திய திருச்சபையோடும் ஒப்புரவாகின்றனர் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் உரைத்தது. 1973இல் சடங்குமுறை திருத்தம் பெற்றது. ‘ஒப்புரவு அருட்சாதனம்’ என்னும் இன்றைய வழக்கு இச்சிந்தனையோடு இயைந்தது. எனினும் இச்சொல்லாட்சி கத்தோலிக்கர்தம் புத்தாக்கம் அன்று. சீர்திருத்தச் சபையாரின் பழைய விவிலிய மொழிபெயர்ப்பு, கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் மடலின் 5ஆம் அதிகாரத்தில் இதனை முன்னரே ஆண்டுள்ளது.

குறளின் 22ஆம் அதிகாரம் ‘ஒப்புரவறிதல்’. அங்கு இச்சொல் பிரிந்தோர் மீண்டும் இணைதலைக் குறிக்கவில்லை; மழைபோல் கைம்மாறு கருதாது உதவும் கடமையையே குறிக்கிறது. எனவே சமய வழக்கு பிழைபட்டது எனக் கருத இடமுண்டு. அக்கருத்து முழுதும் ஏற்புடையதன்று. ‘சமரசம்’ என்றிருப்பின் இரு தரப்பாரும் விட்டுக்கொடுத்தல் என்னும் பொருள் புகுந்திருக்கும். இறையிரக்கத்தில் அத்தகைய பேரத்திற்கு இடமில்லை. லூக்கா நற்செய்தியின் 15ஆம் அதிகாரத்தில் வரும் தந்தை, திரும்பிய மகன் முன்னரே எண்ணிவைத்த சொற்களை முழுதும் கூறி முடிக்குமுன் விருந்துக்கு ஆணையிடுகிறார். கைம்மாறு வேண்டாமை என்னும் குறட்பொருளே இங்கு இரக்கத்தின் இயல்பாகிறது.

பரிமேலழகர் ஒப்புரவை, அறநூல்களில் விதிக்கப்படாது தாமே அறிந்து செய்யும் உலகநடை என விளக்குவார். பாவங்களை விதிவழி எண்ணிக் கூறும் முறைக்கு இவ்விளக்கம் நேர்மாறானது. புதிய பெயரின் வலிமையும் இதுவே. அதன் குறை வேறு. வாய்விட்டு உரைத்தல் இன்றும் அருட்சாதனத்தின் இன்றியமையாக் கூறாயிருக்க, பெயரில் அது மறைந்துவிட்டது. குறள் வலியுறுத்தும் ஈகையும் சமய வழக்கில் பின்தங்கியது. அதே நற்செய்தியின் 19ஆம் அதிகாரத்தில் சக்கேயு தன் உடைமையில் பாதியை ஏழையர்க்கு அளிக்கவும், ஏமாற்றிப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பித் தரவும் முன்வருகிறான். ஒப்புரவின் இரு பொருளும் ஒருங்கே பொருந்தும் இடம் இதுவாகும்.