பகைவனின் தகுதி

சித்திரக்கதைகளைச் சிறுவர் பொழுதுபோக்கென ஒதுக்குவோர், அவற்றில் வரும் தீயோரை இன்னும் எளிதாக ஒதுக்கிவிடுகின்றனர். உரக்கச் சிரிப்பான், உலகை ஆள விரும்புவான், இறுதிப் பக்கத்தில் அடிபடுவான். அவன் இலக்கணம் இவ்வளவே என்பது அவர்தம் எண்ணம். பெரும்பாலோரைப் பொறுத்தவரை அதில் பிழையும் இல்லை. எனினும், அத்தகைய நூற்றுக்கணக்கானோர் நடுவே ஒருவன் மட்டும் ஒரு நாயகனின் தலையாய பகைவன் என்னும் இடத்தைப் பெற்றுவிடுகிறான். அவ்விடம் அவனுக்கு எதனால் கிட்டுகிறது?

வள்ளுவர் 'பகைமாட்சி' என்றே ஓர் அதிகாரம் வகுத்தார். ஆயின் அங்கே பேசப்படுவது வெல்வதற்கு எளிய பகை. அன்பும் துணையும் அற்றவன், சினம் அடங்காதவன் முதலியோரின் பகையே விரும்பத்தக்கதாம். அரசனுக்கு அது நல்ல அறிவுரை. கதாசிரியனோ இதற்கு நேர்மாறாக நடந்தாக வேண்டும்.

வலிமையே தகுதி என்று சிலர் விடை கூறலாம். அவ்விடை போதாது என்பதற்குக் கிங்பின் ஒருவனே சான்று. 1967-இல் ஸ்பைடர்மேன் இதழில் ஸ்டான் லீயும் ஜான் ரொமிட்டாவும் அவனைப் படைத்தனர். மொட்டைத் தலையும் மலைபோன்ற உடலும் கொண்ட அந்த நிழலுலகத் தலைவன், ஸ்பைடர்மேனின் பகைவர் பலருள் ஒருவனாகவே நின்றான். 1981-இல் ஃபிராங்க் மில்லர் அவனை டேர்டெவில் கதைக்குள் அழைத்து வந்தார். அதே உடல், அதே தொழில். ஆனால் இப்போது அவனுக்கு வனெஸ்ஸா என்னும் மனைவி முக்கியமாகிறாள். அவள் பொருட்டுத் தொழிலைத் துறந்து ஜப்பானில் ஒதுங்கி வாழ்ந்தவன், அவள் கடத்தப்பட்டதும் பழைய வாழ்வுக்குத் திரும்புகிறான். இழப்பதற்கு ஏதோ ஒன்று உள்ளவனாக மாறிய பிறகே அவன் அச்சத்துக்குரியவன் ஆனான்.

டேர்டெவில் யார்? நியூயார்க்கின் ஹெல்ஸ் கிச்சன் பகுதியில் வளர்ந்த மேட் மர்டாக், பார்வையற்ற வழக்கறிஞர், கத்தோலிக்கர். பகலில் சட்டத்தை நம்புகிறார். இரவில் முகமூடி அணிந்து அச்சட்டத்தையே மீறுகிறார். அவர் வாழ்வின் நடுவே ஓடும் இந்த விரிசலை அறிந்தவனே அவருக்கு ஈடான பகைவனாக இயலும்.

1986-இல் 227 முதல் 233 வரையிலான இதழ்களில் மில்லரும் ஓவியர் டேவிட் மாட்சுகெல்லியும் தந்த 'மறுபிறப்பு' கதை அதைத்தான் காட்டுகிறது. ஒருகாலத்தில் மர்டாக்கின் காதலியாயிருந்த கேரன் பேஜ், போதைப் பழக்கத்தால் சீரழிந்து, ஒரு வேளை மருந்துக்காக அவருடைய இரகசியத்தை விற்றுவிடுகிறாள். அச்செய்தி கைமாறிக் கிங்பினை அடைகிறது. அவன் ஆள்களை ஏவவில்லை, மாதக்கணக்கில் காத்திருக்கிறான். பிறகு வரித்துறை மர்டாக்கின் கணக்கை முடக்குகிறது. வீட்டுக் கடன் தவணை வரவில்லை என்கிறது வங்கி. காவல் அதிகாரி ஒருவர் அவருக்கெதிராகப் பொய்ச்சாட்சி சொல்கிறார். வழக்காடும் உரிமை பறிபோகிறது. ஒரு குத்துகூட விழவில்லை. எல்லாம் காகிதத்தில், எல்லாம் முறைப்படி! சட்டத்தை நம்பியவரைச் சட்டத்தின் கையாலேயே வீழ்த்தும் இப்பக்கங்களுக்கு நிகராகச் சித்திரக்கதை உலகில் நாம் கண்டவை மிகச் சில.

இறுதியில் கிங்பின் ஒரு பிழை செய்கிறான். மர்டாக்கின் வீட்டை வெடிவைத்துத் தகர்க்கிறான். இடிபாடுகளில் டேர்டெவில் உடை கண்ணில் படும்படி கிடக்கிறது. அதுவரை தம் விதியை நொந்திருந்தவருக்குப் பகைவன் யாரென அப்போது புரிந்துவிடுகிறது. செய்த வேலையில் கையொப்பமிடாமல் இருக்கக் கிங்பினால் முடியவில்லை. இந்தச் செருக்கு இல்லாவிடில் அவன் வெறும் இயந்திரமாகியிருப்பான்.

அடித்து நொறுக்கிய மர்டாக்கை ஒரு வாடகைக் காரில் அடைத்து ஆற்றில் தள்ளுகின்றனர். கார் கிடைக்கிறது, உடல் கிடைக்கவில்லை. அந்நொடி முதல் அச்சம் இடம் மாறுகிறது. மர்டாக்கை ஒரு கன்னியர் மடத்துச் சகோதரி பேணிக் காக்கிறார். பின்னர், தம்மை விற்ற கேரனைச் சந்திக்கையில் மர்டாக் வஞ்சம் பாராட்டவில்லை, அணைத்துக்கொள்கிறார். கிங்பினின் கணக்கேட்டில் இதற்கு இடமே இல்லை. அவன் எல்லாவற்றையும் பறித்தான். பறித்தபின் எஞ்சியது என்னவென்று அவனுக்கு விளங்கவில்லை. நாயகரின் எஞ்சிய உருவத்தை இவ்வாறு வெளிக்கொணர்ந்தவன் பகைவனே என்பதுதான் இக்கதையின் ஆழம்.

ஜோக்கரை முதலிடத்தில் வைப்போர் பலர். 1940-இல் 'பேட்மேன்' முதல் இதழிலேயே மடிந்திருக்க வேண்டியவன், ஆசிரியர் விட்னி எல்ஸ்வொர்த்தின் தலையீட்டால் பிழைத்தான். அவன் ஆற்றலை நாம் மறுக்கவில்லை. ஆனால் முகமூடிக்குள் இருக்கும் மனிதர் யாரென அறியும் ஆவல் அவனிடம் பெரும்பாலும் காணப்படுவதில்லை. அத்தகையவன் ஒரு புயல். புயலோடு பகை கொள்ள இயலுமா?

'மறுபிறப்பு' குறையற்றதன்று. கடைசிப் பகுதியில் நியூக் என்னும் வெறிபிடித்த படைவீரனைக் கிங்பின் ஏவிவிடுகிறான், தெரு எரிகிறது. காகிதத்தால் கொன்றவன் வெடிகுண்டைத் தேடுவது அவன் தடுமாற்றத்தைக் காட்டுகிறது என்று வாதிடலாம். ஆயினும் கதையின் நுண்மை அங்கே ஆரவாரத்தில் மறைந்துபோகிறது என்றே சொல்வோம். நல்லவேளையாக, முடிவில் மில்லர் நிதானத்துக்குத் திரும்புகிறார். கிங்பின் சிறை செல்வதில்லை. மதிப்பிழந்து, தன் கோபுரத்தில் அமர்ந்து மர்டாக்கை எண்ணியபடியே இருக்கிறான். மர்டாக்கோ, வழக்காடும் உரிமையோ பழைய வீடோ இல்லாமல், கேரனின் கைபற்றித் தம் தெருவில் நடந்து போகிறார்.