விசிறிகளின் பேச்சு எடுபடுமா?

விளையாட்டைப் பற்றி எழுத எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்டால், ஒன்றுமில்லை என்றுதான் சொல்ல வேண்டும். காலால் உதைக்கிற பந்தானாலும் சரி, மட்டையால் அடிக்கிற பந்தானாலும் சரி, நான் வேலிக்கு வெளியே நின்று பார்த்தவன். ஆனால் தொடர்கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு ஒரு சங்கதியில் நல்ல அனுபவம் உண்டு. வாசகர்களுக்குப் பிடித்துப்போன ஒரு பாத்திரத்தைக் கதையை விட்டு வெளியே அனுப்பினால் என்ன நடக்கும் என்பது அவனுக்குத் தெரியும். கோபித்துக்கொண்டு கடிதம் எழுதுவார்கள். 'உமக்கு நெஞ்சு கல்லா?' என்று கேட்பார்கள். அடுத்த வாரப் பத்திரிகையையும் தவறாமல் வாங்குவார்கள்.

பெரிய காஞ்சிபுரத்தில், பிள்ளையார்பாளையத்துத் தறி வீடு ஒன்றுக்கு நான் அவ்வப்போது போவதுண்டு. அங்கே தறியில் உட்காரும் பிள்ளைக்கு இருபத்திரண்டு வயசிருக்கும். கோடை வந்துவிட்டால் மஞ்சள் சட்டையைக் கழற்றமாட்டான். 2025 நவம்பரில் சென்னை சூப்பர் கிங்ஸ் அணி ரவீந்திர ஜடேஜாவை ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டு, சஞ்சு சாம்ஸனை வாங்கிக்கொண்டது. கூடவே சாம் கரனையும் சேர்த்துக் கொடுத்தது. அந்தச் சமாசாரம் வந்த நாளில் அவன் கையில் நாடா சரியாக ஓடவில்லை.

"2012லேருந்து நம்ம ஆளு ஐயா அவரு. இத்தனை லட்சம் பேர் கத்துறோமே, எங்களை ஒரு வார்த்தை கேட்டாங்களா?" என்றான்.

கேட்க வேண்டுமா, கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும், கேட்க வைக்க இவர்களால் முடியுமா என்று யோசிக்க ஆரம்பித்தேன். அந்த யோசனைதான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு வார்த்தையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ரசிகன் என்பது பழைய சொல். ரசம் தெரிந்தவன், தோடிக்கும் பைரவிக்கும் வித்தியாசம் தெரிந்து தலையாட்டுகிறவன் என்று அர்த்தம். சினிமா வந்த பிறகு 'விசிறி' என்றொரு வார்த்தையை நம்மவர்கள் இங்கிலீஷிலிருந்து இறக்குமதி செய்தார்கள். வேடிக்கையான மொழிபெயர்ப்பு என்று அதைச் சிரித்துத் தள்ளியவர்கள் உண்டு. காஞ்சிபுரத்துக்காரன் சிரிக்க வேண்டியதில்லை. வரதராஜப் பெருமாளுக்கு ஆலவட்டம் வீசியபடியே அவரோடு பேசிக்கொண்டிருந்த திருக்கச்சி நம்பி தொண்டு செய்தது இந்த ஊரில்தான். விசிறி கேட்டான், பெருமாள் பதில் சொன்னார். அப்படி விசிறிக்கு வாய் திறந்து பதில் சொன்ன முதலாளி அவர் ஒருவர்தான் என்று நினைக்கிறேன்.

ஜடேஜா விஷயத்துக்கு வருவோம். 2023 ஆமதாபாத் இறுதி ஆட்டத்தில், கடைசி இரண்டு பந்துகளில் பத்து ரன் வேண்டியிருந்தபோது, ஒரு சிக்ஸரும் ஒரு பவுண்டரியும் அடித்துக் கோப்பையைக் கொண்டுவந்தவர் அவர். அதே வருஷம் சேப்பாக்கத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஜடேஜா மட்டையோடு உள்ளே வருவார். கூட்டம் 'தோனி, தோனி' என்று கத்தும். ஜடேஜா அவுட்டானால்தானே தோனி வர முடியும்? சொந்த அணிக்காரன் விழும்போது சொந்த ஊர்க்கூட்டம் ஆரவாரிக்கிற அதிசயம் அங்கே நடந்தது. தாம் சீக்கிரம் ஆடவந்தால் எப்போது அவுட்டாவார் என்று ஜனங்கள் காத்திருப்பார்கள் என்று அவரே ஒரு பேட்டியில் சிரித்துக்கொண்டு சொன்னார். அந்தச் சிரிப்பை நான் நம்பவில்லை. நாடகக் கொட்டகையில் கதாநாயகன் வரட்டும் என்று மற்ற நடிகனைப் பார்த்துக் கைதட்டி அனுப்புகிற கூட்டத்தை நான் பார்த்திருக்கிறேன். அந்த நடிகனும் உள்ளே போகும்போது சிரித்துக்கொண்டுதான் போனான்.

இந்த ஆரவாரத்தால்தான் ஜடேஜா போனார் என்று நான் சொல்ல வரவில்லை. போன காரணம் கணக்கு. அவருக்கு வயது 36. அணிக்கு அடுத்த பத்து வருஷத்துக்கு ஒரு விக்கெட் கீப்பர் வேண்டும். 18 கோடிக்கு வைத்திருந்தவரை 14 கோடிக்குக் கைமாற்றி, 18 கோடிக்காரரை வாங்கிக்கொண்டார்கள். ஆனால் விசிறிகளின் பேச்சு எடுபடவே இல்லை என்றும் நான் ஒப்பமாட்டேன். ஒருவர் விஷயத்தில் நன்றாகவே எடுபட்டது. சர்வதேச ஆட்டத்தை விட்டு ஐந்து வருஷம் ஆனவர்களைத் தேசத்துக்கு ஆடாத புதுமுகங்களோடு சேர்த்துக் கணக்கிடலாம் என்று 2024-இல் ஒரு பழைய விதி திரும்ப வந்தது. அந்த விதியின்படி தோனியை 4 கோடிக்கு வைத்துக்கொண்டார்கள். அவரை அனுப்பிவிட்டு ஊருக்குள் நடமாட எந்த நிர்வாகிக்குத் தைரியம் வரும்? அணியில் இடம் அளவானது, பணமும் அளவானது. ஒருவரை அனுப்பக்கூடாது என்று ஊர் முழுவதும் முடிவு கட்டிவிட்டால், கணக்கு மற்றவர்களின் தலையில்தான் விடியும். பத்து அணிகளில் சென்னை கடைசியாக வந்த 2025-ஆம் வருஷத்தில், அனுப்பவேண்டியவர் யார் என்ற கேள்வி எல்லாரைப் பற்றியும் எழுந்தது, ஒருவரைத் தவிர.

சுரேஷ் ரெய்னாவுக்கு என்ன நடந்தது? 2008 முதல் ஆடியவர். 'சின்னத் தல' என்று பெயர் வைத்துக் கொண்டாடினார்கள். 2022 ஏலத்தில் அவர் பெயரை வாசித்தபோது சென்னை அணி கையைத் தூக்கவில்லை. வேறு யாரும் தூக்கவில்லை. ஊரே பொங்கியது. ஆட்டம் ஆரம்பித்த அன்று அதே ஊர் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்தது.

இங்கேதான் நெசவு எனக்கு ஒன்றைப் புரியவைத்தது. காந்தி ரோட்டுக் கடைகளில் உட்கார்ந்து கல்யாணப் புடவை எடுக்கிறவர்களைப் பாருங்கள். உடலும் கரையும் தனித்தனியாக நெய்து கோத்த கோர்வைப் புடவையா என்று கேட்பார்கள். ஜரிகையை உரசிப் பார்ப்பார்கள். கோர்வைக்கு இரண்டு ஆள் வேண்டும். தறிக்காரர் உடலை நெய்ய, கரைக்கு நாடா வீச இன்னொருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். அந்த இரண்டு பேரும் யார், இன்னும் அந்தத் தறியில்தான் இருக்கிறார்களா, கூலி போதவில்லை என்று வேறு வேலைக்குப் போய்விட்டார்களா என்று எந்தப் பெண்ணைப் பெற்றவரும் கேட்டு நான் பார்த்ததில்லை. அவர்களுக்கு வேண்டியது துணி. பந்தாட்டத்திலும் துணிதான் முக்கியம்! அங்கே ஆளின் பெயரைச் சட்டையின் முதுகில் அச்சடிக்கிறார்கள் என்பதால் நாம் ஏமாந்துபோகிறோம். சட்டையின் நிறம் மாறாமல் இருக்கிறவரை முதுகில் எந்தப் பெயர் இருந்தாலும் விசிறி இரண்டு ஆட்டத்துக்குள் பழகிக்கொள்கிறான்.

'விசிறிகள் வெறும் கூச்சல் போடுகிறவர்களாக இருப்பதால்தான் இப்படி. அவர்களே சொந்தக்காரர்களாக இருந்தால்?' என்று கேட்கலாம். ஸ்பெயின் தேசத்துப் பார்சிலோனாக் கால்பந்துக் கழகம் அப்படிப்பட்டதுதான். லட்சத்துக்கு மேற்பட்ட அங்கத்தினர்கள். ஓட்டுப் போட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுப்பவர்களும் அவர்களே. 2020 ஆகஸ்டில், 'நான் போகிறேன்' என்று மெஸ்ஸி எழுதிக் கொடுத்தார். விசிறிகள் மைதானத்தின் முன்னால் கூடித் தலைவர் பார்த்தோமியுவை ராஜிநாமா செய்யச் சொன்னார்கள். கத்தியதோடு நிற்கவில்லை. இருபதாயிரத்துக்கு மேல் கையெழுத்து வாங்கி நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்கு வழி செய்தார்கள். அக்டோபரில் அவர் பதவியை விட்டுப் போனார். 2021 மார்ச்சில் புதுத் தலைவராக லபோர்த்தாவைக் கொண்டுவந்தார்கள். அதே ஆகஸ்டில் மெஸ்ஸி அழுதுகொண்டே விடைபெற்றார்! அப்போது அவருக்குப் போக இஷ்டமில்லை. கழகத்துக்கு அனுப்ப இஷ்டமில்லை. விசிறிகளுக்கோ சொல்லவே வேண்டாம். கஜானா காலி. கடன் நூறு கோடி யூரோவுக்கு மேல். சம்பளத்துக்கு இவ்வளவுதான் என்று லீகின் சட்டம் கோடு கிழித்திருந்தது. தலைவரை மாற்ற முடிந்தவர்களால் வரவு செலவை மாற்ற முடியவில்லை.

அப்படியானால் எடுபடுகிற பேச்சு எது? நம் ஊரிலேயே இரண்டு கதைகள் இருக்கின்றன. இரண்டும் சின்னக் காஞ்சிபுரத்தைச் சேர்ந்தவை. பெரிய காஞ்சிபுரத்துக்காரனான நான் இரவல் வாங்கிக்கொள்கிறேன்.

ஒன்று, ராமானுஜர் ஸ்ரீரங்கம் போன கதை. அரங்கத்திலிருந்து திருவரங்கப்பெருமாள் அரையர் வந்து பாடி ஆடினார். வரதன் மகிழ்ந்து, வேண்டியதைக் கேள் என்றார். 'ராமானுஜரைக் கொடும்' என்றார் அரையர். அதைத் தவிர வேறு கேள் என்றாராம் பெருமாள். கொடுத்த வாக்கு கொடுத்ததுதான் என்று அரையர் பிடிவாதமாக நிற்க, விட்டுக்கொடுக்கும்படி ஆயிற்று. எப்பேர்ப்பட்ட ஆட்டக்காரர் கைமாறினார் பாருங்கள்! பேரம் இரண்டு தரப்புக்கு நடுவே முடிந்தது. காஞ்சிபுரத்து ஜனங்களை யாரும் கேட்டதாகக் கதையில் இல்லை.

மற்றது கணிகண்ணன் கதை. தன்னைப் பாடவில்லை என்று பல்லவ ராஜா அவரை ஊரைவிட்டுப் போகச் சொன்னான். அவருடைய குரு திருமழிசையாழ்வார் அரண்மனை வாசலில் போய் நியாயம் கேட்கவில்லை. தாமும் கிளம்பினார். போகிற போக்கில் திருவெஃகாவில் படுத்திருந்த பெருமாளிடம், 'நாங்கள் போகிறோம், நீரும் உம்முடைய பாம்புப் பாயைச் சுருட்டிக்கொள்ளும்' என்றார். பெருமாளும் சுருட்டிக்கொண்டு பின்னால் நடந்தார். ஊர் இருண்டது. மூவரும் ஓர் இரவு தங்கிய இடம் பாலாற்றங்கரையில் ஓரிக்கை என்ற பெயரோடு இன்றும் இருக்கிறது. ராஜா ஓடிவந்து காலில் விழுந்தான். எல்லாரும் திரும்பினார்கள், பெருமாளுக்குச் 'சொன்னவண்ணம் செய்த பெருமாள்' என்று பெயர் நிலைத்தது.

இந்தக் கதையில் ராஜாவை அசைத்தது கண்டனம் அல்ல. பாய் சுருட்டப்பட்ட சத்தம். விசிறியின் பேச்சுக்கு எடை வருவது அவன் தானும் எழுந்து போகத் தயாராகும்போதுதான் என்பது என் அபிப்பிராயம். ஸ்காட்லாந்தில் கிர்க்கால்டி என்று ஒரு சின்ன ஊர். அங்கே ரெய்த் ரோவர்ஸ் என்ற கால்பந்துக் கழகம். துப்பறியும் நாவல்கள் எழுதும் வால் மெக்டெர்மிட் அம்மையார் அதன் பரம்பரை விசிறி. அவருடைய தகப்பனார் அந்தக் கழகத்துக்கு ஆட்டக்காரர்களைத் தேடிப் பிடித்துக் கொடுத்தவர். ஆட்டக்காரர்களின் சட்டையில் விளம்பரதாரராக அம்மையாரின் பெயரே இருந்தது. பெண்ணொருத்தியைப் பலாத்காரம் செய்தவர் என்று சிவில் நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்த ஒருவரை 2022 ஜனவரிக் கடைசியில் கழகம் சேர்த்துக்கொண்டது. அம்மையார் நீண்ட கடிதம் எழுதிக்கொண்டிருக்கவில்லை. பணத்தையும் பெயரையும் திரும்ப எடுத்துக்கொண்டு வெளியேறினார். பெண்கள் அணியின் தலைவியும் விலகினார். சில நாட்களுக்குள் கழகம் மன்னிப்புக் கேட்டு, அந்த ஆள் எங்களுக்கு ஆடமாட்டார் என்று அறிவித்தது. என் தொழில்காரர் ஒருவர் செய்த காரியம் என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே எனக்குச் சந்தோஷம்.

எழுத்துலகத்திலும் இதே கதைதான். 1893-இல் கானன் டாயில் ஷெர்லக் ஹோம்ஸை அருவியில் தள்ளிவிட்டபோது, திட்டி வந்த கடிதங்களை அவர் பொருட்படுத்தவில்லை. இருபதினாயிரம் பேர் சந்தாவை நிறுத்தினார்கள் என்று சொல்வார்கள்; பத்திரிகைக்காரர்களுக்கு அது உறைத்தது. நல்ல தொகை பேசி முடித்த பிறகு, 1903-இல் ஹோம்ஸ் அருவியிலிருந்து உயிரோடு எழுந்து வந்தார்.

நம்முடைய சென்னை விசிறி பாயைச் சுருட்ட முடியுமா? முடியாதபடி பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதே என் குறை. 2023 முதல் 2027 வரை ஒளிபரப்புகிற உரிமையை மட்டும் 48,390 கோடிக்கு விற்றார்கள். அந்தப் பெருந்தொகையின் பங்கு எல்லா அணிக்கும் போகிறது. சேப்பாக்கத்தில் ஒரு வரிசை காலியாக இருந்தால் யாருக்கு வலிக்கும்? கைபேசியில் பார்க்கிற பிள்ளையார்பாளையத்துப் பையன் கோபித்துக்கொண்டு அதை அணைத்தாலும், அடுத்த தறியில் இன்னொருவன் பார்த்துக்கொண்டிருப்பான். அணியை விட்டு வேறு அணிக்குப் போகலாம் என்றால், ஊரின் பெயரையல்லவா அணிக்கு வைத்திருக்கிறார்கள்? ஊரை எப்படிச் சுருட்டுவது!

ஒன்று சொல்ல வேண்டும். வாசகர் ஓட்டெடுத்துக் கதை எழுத நான் சம்மதிக்கமாட்டேன்; அதுபோல விசிறிகள் ஓட்டெடுத்து அணி சேர்ப்பதும் எனக்கு உவப்பில்லை. கூட்டத்துக்கு ஞாபகம் அதிகம். அடுத்த வருஷத்தைப் பற்றிய கவலை குறைவு. ஆனாலும், பதின்மூன்று வருஷம் பழகிய முகத்தை ஒரு பகலில் ஊர் மாற்றும்போது, வழியனுப்ப நாலு நாள் முன்னால் சொல்லியிருக்கலாம். கல்யாணம் பேசுகிறவர்கள்கூட வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை போட்டுவைக்கிறார்கள்.

நம் தேசத்துக் கால்பந்தில் பாயைச் சுருட்டத் துணிந்தவர்கள் கல்கத்தாக்காரர்கள். 2020-இல் மோகன் பகான் ஏ.டி.கே. என்ற கம்பெனி அணியோடு சேர்ந்து, பெயருக்கு முன்னால் அந்த மூன்றெழுத்தைத் தாங்கியபோது அவர்கள் விடவில்லை. பதாகை பிடித்தார்கள்; ஆட்டத்துக்கே வரமாட்டோம் என்று கிளம்பியவர்களும் உண்டு. 2023-இல் கோப்பையை ஜெயித்த கையோடு, அந்த எழுத்துக்களை எடுத்துவிடுவதாக முதலாளி அறிவிக்க நேர்ந்தது. மூன்று வருஷம் அவர்கள் போராடியது பெயருக்காக, சட்டைக்காக.

அதே 2023-இல் அதே மோகன் பகான், ஏழு வருஷம் சென்னையின் எஃப்.சி.யில் ஆடி அதன் தலைவராகவும் இருந்த அனிருத் தாப்பாவைச் சென்னையிலிருந்து அழைத்துக்கொண்டது. கேரளா பிளாஸ்டர்ஸிலிருந்து சஹல் அப்துல் சமதையும் எடுத்துக்கொண்டு, பிரீதம் கோட்டாலைக் கொச்சிக்கு அனுப்பியது. கொச்சியில் மஞ்சள் சட்டைக்காரர்கள் கொதித்தார்கள். சென்னையில் நீலச் சட்டைக்காரர்கள் வருத்தப்பட்டார்கள். செப்டம்பரில் புதுப் பருவம் தொடங்கியது. இரண்டு ஊரிலும் டிக்கெட் விற்றது.