அழுகையும் சாட்சியமும்: காவே அக்பரின் ‘மார்ட்டர்!’ நாவலை முன்வைத்து

1988 ஜூலை 3 அன்று, பந்தர் அப்பாஸிலிருந்து துபாய் சென்றுகொண்டிருந்த ஈரான் ஏர் 655 பயணிகள் விமானத்தை அமெரிக்கப் போர்க்கப்பல் வின்சென்ஸ் சுட்டு வீழ்த்தியது. 66 குழந்தைகள் உட்பட 290 பேர் மாண்டனர். 1996இல் எட்டப்பட்ட உடன்பாட்டில், வருவாய் ஈட்டியவரின் உயிருக்கு 3 லட்சம் டாலர் என்றும், ஈட்டாதவரின் உயிருக்கு அதில் பாதி என்றும் இழப்பீடு வரையறுக்கப்பட்டது.

தெஹ்ரானில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த கவிஞர் காவே அக்பர், 2024இல் வெளியான தமது முதல் நாவலை இந்நிகழ்வின் மீதே எழுப்பியுள்ளார். அவ்விமானத்தில் தாய் இறந்ததாக நம்பி வளர்கிறான் சைரஸ். தந்தை அலி கைக்குழந்தையுடன் இண்டியானாவுக்குப் பெயர்ந்து, கோழிப்பண்ணையில் உழைத்து, தம் இழப்பைப் பேசாமலேயே மறைகிறார். மகனுக்கு எஞ்சுவது மதுவும், அதிலிருந்து மீண்டபின் ஒரு வெறுமையும். மருத்துவ மாணவர்களின் பயிற்சிக்காக நோயாளியாக நடித்து ஊதியம் பெறுகிறான். பிறர் துயரை நடிக்கத் தெரிந்தவனுக்குத் தன் துயரைச் சொல்ல மொழியில்லை. எனவே, பொருளுள்ள மரணம் ஒன்றைத் தேடித் தியாகிகளைப் பற்றி எழுதத் தலைப்படுகிறான்.

நாவலின் வலிமை அவனுடைய மாமன் அரஷின் பகுதியில் உள்ளது. ஈரான்-ஈராக் போரில், கரிய அங்கி அணிந்து, குதிரையேறி, குற்றுயிராய்க் கிடக்கும் வீரர்களிடையே வானவராகத் தோன்றுவதே அவருக்கு இடப்பட்ட பணி. அவர்களை இறுதிவரை உறுதியாக நிற்கச் செய்தவர், போருக்குப் பின் தாமே சிதைந்துபோகிறார். ஆண்மை என்பது கலங்காமை என வகுத்த உலகம் அவரிடம் பெற்ற விலை அது.

நமக்கு எழும் வினா வேறு. ‘ஷஹீத்’ என்னும் சொல் குர்ஆனில் பெரும்பாலும் சாட்சி என்ற பொருளிலேயே ஆளப்படுகிறது. சாட்சியம் மரணத்துக்கு மட்டும் உரியதன்று; வாழ்வோர்க்கும் உரியது. சைரஸின் தேடலோ மரணத்திலேயே தேங்கிவிடுகிறது. தாய் உயிருடன் இருந்தார் என்றும், அவரது கடவுச்சீட்டில் பயணம் செய்து இறந்தவர் வேறொரு பெண் என்றும் கதை திரும்பும்போது, மகனின் துயருக்கு ஆறுதல் கிட்டுகிறது. ஆனால் 290 என்ற எண்ணிக்கை குறைவதில்லை. அவ்விருக்கையில் இறந்தவளுக்குச் சைரஸின் துக்கத்தில் கிடைக்கும் இடம் சிறிது. இதனை நாவலின் குறையாகவே கருதுகிறேன்.

யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் மகனைப் பிரிந்த துயரால் வெளுத்துப்போனதைக் குர்ஆன் மறைக்கவில்லை. அழகிய பொறுமையை மொழிந்தவரும் அவரே. மகன் இப்ராஹீமின் மறைவில் நபி (ஸல்) அவர்கள் கண்ணீர் சிந்தியபோது தோழர் ஒருவர் வியந்தார். அதனை அருள் என்றே நபியவர்கள் விளக்கினார்கள். பொறுமையும் கண்ணீரும் பகையல்ல என்னும் இம்மரபு, தியாகிகளைத் தேடும் சைரஸின் கையில் சேரவில்லை. அவனை மட்டும் குறைகூறிப் பயனில்லை. ஜனாஸா வீட்டில் விம்மும் சிறுவனை ஆண்பிள்ளை அழலாகாது என்று அதட்டும் வழக்கம் நம்மிடையேயும் உண்டு. அது மார்க்கம் கற்பித்ததன்று.